குதிரை, மாடு, ஆடு தீவனம் படிக்கணும்னா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

வெட்னரி காலேஜ்ல அனிமல் நியூட்ரிஷன் பேப்பரப் பாத்து மெரண்டு போன பசங்க, ரெண்டு கறவை மாடு வச்சிட்டு தீவன மூட்டை வெலையப் பாத்து தலையில கை வைக்கிறவங்க, ஊட்டி கொடைக்கானல் பக்கம் குதிரை வச்சிருக்க குடும்பத்துப் பிள்ளைங்கன்னு பல பேர் கேட்டது இதெல்லாம். வரிசை எல்லாம் எதிர்பாக்காதீங்க, கேள்வி வந்த மாதிரியே பதிலும் இருக்கும்.

மாட்டுக்குப் புல்லு போடுறதுக்கு எதுக்குங்க ஒரு படிப்பு?

எங்க வீட்லயும் இதான் கேட்டாங்க. பால் பண்ணையில ஆகுற செலவுல 60-லிருந்து 70 சதவீதம் தீவனத்துக்குத்தான் போகுது, அதுல கை வைக்காம லாபம்னு ஒண்ணு கெடையாது, இது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் பெருசு. மாடு, ஆடு, குதிரை எதுக்குமே புல்லுல இருக்க நாரை, அதான் செல்லுலோஸை, செரிக்கிற என்சைம் சொந்தமா கெடையாது. நெசமாத்தான். செரிக்கிறது உள்ள குடியிருக்க பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை எல்லாம் சேந்துதான். அதனால நாம தீவனம் போடுறது முதல்ல அந்த கிருமிக் கூட்டத்துக்கு, அதுங்க சாப்ட்டு மிச்சம் பண்றதுலதான் மாடோ குதிரையோ பொழைக்குது. அந்தக் கிருமித் தொட்டி வயித்துல எந்த எடத்துல இருக்குன்னு தெரிஞ்சா போதும், இந்தப் படிப்புல பாதி வந்துரும். மாட்டுக்கு முன்னாடி, குதிரைக்குப் பின்னாடி. கீழ வர்ற எல்லாப் பதிலும் சுத்திச் சுத்தி இங்கதான் வந்து நிக்கும்.

முன்னாடி பின்னாடின்னா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க அண்ணா

மாட்டுக்கு வயிறு நாலு அறை. ரூமன், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம். தமிழ்ல அசையூண் வயிறு, தேன்கூடு வயிறு, புத்தக வயிறு, உண்மை வயிறுன்னு போடுவாங்க. இதுல ரூமன்தான் பெரிய தொட்டி, வளந்த மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல, பெரிய மாடுன்னா 200 லிட்டர் வரைக்கும் கூட புடிக்கும். தின்னது முதல்ல இங்கதான் ஊறுது. கிருமிங்க நாரை ஒடச்சு அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக்னு ஆசிடா மாத்தும், அந்த ஆசிடுதான் மாட்டுக்கு வர்ற சக்தியில கிட்டத்தட்ட 70 சதவீதம். அப்புறம் அந்தக் கிருமிகளே உருண்டு உருண்டு நாலாவது வயித்துக்கும் சிறுகுடலுக்கும் போய் செரிச்சு, மாட்டுக்கு புரோட்டீன் ஆகிடுது. அதாவது மாடு புல்லு திங்குது, ஆனா அது உடம்புல சேர்ற புரோட்டீன்ல பெரும்பங்கு கிருமியோடது.

குதிரைக்கு வயிறு ஒண்ணே ஒண்ணு, அதுவும் சின்னது, 8-லிருந்து 15 லிட்டர்தான். சிறுகுடல் முடிஞ்சதுக்கப்புறம்தான் சீக்கம் (பெருங்குடல் ஆரம்பத்துல இருக்க பெரிய பை), பெருங்குடல்னு அதோட தொட்டி வருது. சீக்கம் மட்டுமே 30 லிட்டர் கிட்ட. அங்கயும் அதே மாதிரி கிருமி, அதே ஆசிடு, சக்தி எல்லாம் கெடைக்குது. ஆனா சிறுகுடல் தாண்டிட்டதால அந்தக் கிருமியோட புரோட்டீன் பெரும்பாலும் லத்தியோட வெளிய போயிடும். அதனாலதான் வளர்ற குதிரைக்குட்டிக்கு தீவனத்துலயே லைசின் (புரோட்டீனோட ஒரு அமினோ அமிலம்) இருக்கணும்னு அடிச்சுச் சொல்றோம், மாட்டுக்கு அந்த அளவு கவலை இல்ல.

இதுலயே இன்னொரு கூத்து இருக்கு. மாட்டுக்கு, தின்னது நல்லா ஒடஞ்சு பொடியானாத்தான் ரூமனை விட்டு நகரும், அதுவரைக்கும் எடம் இல்ல. மோசமான வைக்கோலா இருந்தா தொட்டி நெறஞ்சு கெடக்கும், மாடு பட்டினிதான். குதிரைக்கு அந்தத் தடை கெடையாது, தின்னது ஒண்ணு ஒண்ணரை நாள்ல வெளிய வந்துரும், அதனால காஞ்ச புல்லுலகூட நெறைய நெறையத் தின்னு சமாளிச்சுடும். நாரை செரிக்கிற திறமையில மாடு கெட்டி, வேகத்துல குதிரை கெட்டி.

ரூமன் உள்ள கைய விட்டுப் பாப்பீங்களாமே, உண்மையா?

உண்மைதான். ஆராய்ச்சிக்குன்னு வச்சிருக்க சில மாடுகளுக்கு இடது விலாவுல ஆபரேஷன் பண்ணி ஓட்டை போட்டு ரப்பர் மூடி வச்சிருப்பாங்க, ஃபிஸ்டுலா மாடுன்னு பேரு. மூடியத் தெறந்தா முதல்ல வர்றது சூடு, அப்புறம் புளிச்ச வாடை. தோள்பட்டை வரைக்கும் கிளவுஸ் போட்டு உள்ள விட்டா மேல மெத்தை மாதிரி புல்லு மெதக்கும், அதுக்குக் கீழ சாறு, அடியில மணிமணியா தானியம். நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மொத்தமும் சுருங்கி கைய நெரிக்கும், ஃபர்ஸ்ட் டைம் எல்லாரும் கைய உருவிடுவாங்க. அந்தச் சாறைப் பிழிஞ்சு மெல்லிசு துணியில வடிகட்டி ஒரு சொட்டு ஸ்லைடுல வச்சா புரோட்டோசோவா குபுகுபுன்னு நீந்திட்டிருக்கும், ஆனா ஸ்லைடு வெதுவெதுன்னு இருக்கணும், ஆறிப்போச்சுன்னா அப்படியே நின்னுரும். மாட்டுக்கு வலிக்காதான்னு கேப்பீங்க, புண்ணு ஆறினதுக்கப்புறம் அது பாட்டுக்கு அசை போட்டுட்டு நிக்கும், வருஷக்கணக்கா இருக்கும். நைலான் பைக்குள்ள தீவனத்தப் போட்டு கயித்துல கட்டி உள்ள விட்டு, இத்தனை மணி நேரம் கழிச்சு எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு எடை பாக்குறதும் இதே ஓட்டை வழியாத்தான்.

குதிரைக்கும் சீக்கத்துல இப்படி ஓட்டை போட்டு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, ஆனா காலேஜ் பிராக்டிகல்ல நீங்க பாக்குறது மாடுதான்.

குதிரைன்னா கொள்ளு தானே?

கொள்ளு தப்பில்ல, 22 சதவீதம் கிட்ட புரோட்டீன் இருக்கு. பச்சையா அப்படியே போட்டா அதுல இருக்க டிரிப்சின் தடுப்பான் புரோட்டீன் செரிமானத்தக் கெடுக்கும், அதான் ஊற வச்சு அவிச்சுப் போடுறாங்க நம்ம ஆளுங்க. ஆனா கொள்ளு மட்டுமே தீவனம்னு நெனைக்கிறதுதான் பிரச்சனை. குதிரைக்கு முதல் தீவனம் புல்லு, ரெண்டாவது தீவனமும் புல்லு. உடம்பு எடையில குறைஞ்சது 1.5 சதவீதம் காஞ்ச புல்லு தினமும் போகணும், 400 கிலோ குதிரைன்னா 6 கிலோ.

ஏன்னா குதிரைக்கு வயித்துல ஆசிடு நிக்காம சுரந்துட்டே இருக்கும், நம்மள மாதிரி சாப்பாட்டைப் பாத்தா மட்டும் கெடையாது. அதத் தணிக்கிற எச்சில் மெல்லும்போது மட்டும்தான் வரும். ஒரு கிலோ காஞ்ச புல்லைத் திங்க அதுக்கு 40 நிமிஷம் கிட்ட ஆகும், 3000 தடவைக்கு மேல மெல்லும். அதே ஒரு கிலோ ஓட்ஸ் 10 நிமிஷத்துல காலி. காலையில ஒரு வாளி கொள்ளு, சாயந்திரம் ஒரு வாளி, நடுவுல சும்மா கட்டிப் போட்டு வச்சா அந்த நடுவுல முழுக்க வெறும் வயித்துல ஆசிடு, அல்சர் வராம என்ன பண்ணும்? ரேஸ் குதிரைங்கள்ல அல்சர் அவ்ளோ சகஜமா இருக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சைடுல ஒரு விஷயம். 13-ம் நூற்றாண்டு கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்க கப்பல்ல வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வந்து எறங்குது, ஆனா பொழைக்கிறது கொஞ்சம்தான், சோத்தோட கறியச் சேத்துப் போடுறாங்கன்னு பதிவு பண்ணிருக்கார். கறி போட்டது எந்த அளவுக்கு உண்மையோ, ஆனா சோறு போட்டு வளத்திருந்தா குதிரை செத்ததுல ஆச்சரியமே இல்ல.

சோறு ஏன் ஆகாது? மாட்டுக்கும் ஆகாதுன்னு சொல்றாங்களே

ரெண்டுக்கும் ஆகாது, ஆனா கெடுக்கிற எடம் வேற. மாவுச்சத்து அளவோட இருந்தா குதிரை சிறுகுடல்லயே செரிச்சுக்கும். ஒரே வேளையில அள்ளிப் போட்டா மிச்சம் வழிஞ்சு பின்னாடி தொட்டிக்குப் போகும், அங்க லாக்டிக் ஆசிடு ஏறும், நார் செரிக்கிற கிருமி சாகும், அதுல இருந்து வர்ற விஷம் ரத்தத்துல கலந்து குளம்புல போய் வெட்டும், லாமினைட்டிஸ்னு பேரு. வயித்துக்குப் போட்டது காலை வாங்குது பாருங்க. அதான் 500 கிலோ குதிரைக்கே ஒரு வேளைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல தானியம் வேணாம்னு சொல்றது. ஓட்ஸ் மாவு சிறுகுடல்ல நல்லா செரிக்கும், பச்சை மக்காச்சோள மாவு அந்த அளவுக்கு செரிக்காது, அதான் வேக வச்சோ பொரிச்சோ போடுறோம்.

மாட்டுக்கு, மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் ஏதாவது ஒரு கால்நடை மருந்தகத்துல போய் நின்னு பாருங்க, புரியும். வாசல்ல வரிசையா மாடு. முந்தின நாள் எல்லார் வீட்லயும் தாம்பாளம் தாம்பாளமா பொங்கல், பழம், வெல்லம், சோறு. பாசம்தான், ஆனா ரூமன்ல மாவையும் சக்கரையையும் சாப்புடுற பாக்டீரியா ராத்திரியோட ராத்திரியா பெருகி லாக்டிக் ஆசிடைக் கொட்டும். சாதாரணமா 6-லிருந்து 7-க்குள்ள இருக்க ரூமன் பிஹெச் 5-க்கும் கீழ எறங்கும், உடம்புத் தண்ணி எல்லாம் ரூமனுக்குள்ள இழுத்துக்கும், விலாவத் தட்டினா தளக் தளக்னு தண்ணி சத்தம் கேக்கும், மாடு தலையத் தொங்கப் போட்டு அசை போடாம நிக்கும், புளிச்ச வாடையோட கழியும். லேட்டா கூட்டிட்டு வந்தா காப்பாத்துறது கஷ்டம், சிலதுக்கு வயித்தத் தெறந்து அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். ஆரோக்கியமான மாட்டோட ரூமன் சாறை எடுத்து நோய் மாட்டுக்கு ஊத்துற வைத்தியமும் உண்டு, கிருமிக் கூட்டத்தையே புதுசா குடியேத்துறது.

வீட்ல சோடா உப்புக் கரைசல் குடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட போன்ல அளவு கேட்டுட்டுக் குடுங்க. ஒண்ணு முக்கியம், நாக்க இழுத்துப் புடிச்சிட்டு தலைய மேல தூக்கி எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். பொங்கலுக்கு மாட்டுக்கு ஒரு கை பொங்கல் போதும், மிச்சம் பிள்ளைங்களுக்குக் குடுங்க.

மாட்டுத் தீவனம் மூட்டை வாங்கி வச்சிருக்கேன், அதையே குதிரைக்கும் ஆட்டுக்கும் போட்டா என்ன சார்?

போடாதீங்க. காரணம் மூணு.

மொத காரணம் மொனென்சின். கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராம இருக்கவும், சில மாட்டுத் தீவனத்துல ரூமன் வேலைய மாத்தறதுக்கும் சேக்குற மருந்து. கோழியும் மாடும் தாங்கும். குதிரைக்கு ஒரு கிலோ எடைக்கு ரெண்டு மூணு மில்லிகிராம் போனாலே இதயத் தசை போயிடும், மாத்து மருந்து கெடையாது. ஒரே மில்லுல கோழித் தீவனம் அரைச்ச கையோட குதிரைத் தீவனம் அரைச்சாக்கூட மிஷின்ல ஒட்டினது கலந்து குதிரை செத்த சம்பவம் உலகம் முழுக்க நடந்திருக்கு. நாமக்கல் மாதிரி கோழித் தீவனம் ஓடுற ஊர்ல கைமாத்தா தீவனம் வாங்குற குதிரைக்காரங்க இத கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

ரெண்டாவது யூரியா. மாட்டுத் தீவனத்துல கொஞ்சமா சேக்கலாம், ரூமன் கிருமி அந்த நைட்ரஜனை வச்சே புரோட்டீன் பண்ணிக்கும். குதிரைக்கு சிறுகுடல்லயே உறிஞ்சி சிறுநீர்ல போயிடும், செலவு வேஸ்ட்டு, அளவு மீறினா ஆபத்து.

மூணாவது காப்பர், இது செம்மறி ஆட்டுக்காரங்களுக்கு. மாட்டுக்கும் குதிரைக்கும் சரியா இருக்க காப்பர் அளவு செம்மறிக்கு ஜாஸ்தி. ஈரல்ல சத்தமில்லாம சேந்துட்டே இருக்கும், ஒரு நாள் திடீர்னு ரத்தம் ஒடஞ்சு கண்ணு மஞ்சளாகி மூத்திரம் செவப்பாப் போகும், அப்போ டூ லேட். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும். மாட்டுக்கான தாது உப்புக் கலவைய செம்மறிக்கு வாரிப் போடுறவங்க யோசிங்க.

எண்ணெய்? குதிரைக்கு பித்தப்பையே இல்லையாமே

பித்தப்பை இல்லதான், ஆனா பித்தம் நிக்காம ஒழுகிட்டே இருக்கும். அதனால மெதுவா பழக்கினா குதிரைக்கு எண்ணெய் நல்லாவே ஒத்துக்கும், ஓடுற குதிரைக்கு மாவக் கொறைச்சு சக்தியக் கூட்ட இது நல்ல வழி. மாட்டுக்குத்தான் மொத்தத் தீவனத்துல கொழுப்பு 5, 6 சதவீதத்தத் தாண்டினா ரூமன் கிருமிக்கு ஆகாது, நார் செரிமானம் படுத்துரும்.

கோ-4 நேப்பியர் புல்லு நெறைய கெடக்கு, குதிரைக்குப் போடலாமா?

இத யாரும் கேக்காம போட்டுடறாங்க, அதான் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்கு அருமை. ஆனா நேப்பியர் வகையில ஆக்சலேட் இருக்கு, அது கால்சியத்தப் புடிச்சு வச்சுக்கும். மாட்டுக்கு ரூமன்லயே அந்த ஆக்சலேட்டை ஒடைக்கிற பாக்டீரியா இருக்கறதால கால்சியம் விடுதலை ஆகி, அப்புறம் சிறுகுடல்ல உறிஞ்சிக்கும். குதிரைக்கு கால்சியம் உறிஞ்சற எடம் சிறுகுடல், ஆக்சலேட் ஒடையற எடம் அதுக்குப் பின்னாடி இருக்க தொட்டி. பஸ் போனதுக்கப்புறம் ஸ்டாண்டுக்கு வந்த மாதிரி. ரத்தத்துல கால்சியம் கொறைஞ்சா உடம்பு எலும்புல இருந்து எடுத்துக்கும், முதல்ல நொண்டும், எந்தக் காலுன்னே சொல்ல முடியாம மாறி மாறி நொண்டும், போகப் போக முகத்து எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கும். பெரிய தலை நோய்னு சொல்லுவாங்க.

இதே நோய் தவிட்டாலயும் வரும். கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு ரெண்டுலயும் பாஸ்பரஸ் கால்சியத்த விட பத்து மடங்கு கிட்ட இருக்கும், குதிரைக்கோ கால்சியம் எப்பவும் பாஸ்பரஸை விட ஜாஸ்தி இருக்கணும், ஒண்ணரைக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணுன்னு இருந்தா நல்லது. நேப்பியரும் போட்டு தவிடும் போட்டு வளக்குற குதிரைய யோசிச்சுப் பாருங்க. குதிரைமசால் (லூசர்ன்) கலந்து போடுங்க, கால்சியம் நெறைய, புரோட்டீனும் 18, 20 சதவீதம் வரும். கொழுக்கட்டைப் புல்லுலயும் ஆக்சலேட் உண்டு, அதையே தனித் தீவனமா வருஷம் முழுக்க குதிரைக்குப் போடாதீங்க.

கொழுக்கட்டைப் புல்லுன்னதும் ஞாபகம் வருது, எங்க ஊரு கொறங்காடு பத்தி சிலபஸ்ல ஏன் இல்ல?

நியாயமான கேள்வி. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் பக்கம் மழை கம்மியான காட்டுல சுத்தி கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவுல வெள்வேல மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் இதுலதான் வளந்துச்சு. நியூட்ரிஷன் கண்ணோட பாத்தா இது ஒரு அழகான டிசைன். மழைக்கு புல்லு பச்சையா இருக்கும்போது சத்து இருக்கும், காஞ்சதும் புரோட்டீன் எறங்கிடும். 6, 7 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா ரூமன் கிருமிக்கே நைட்ரஜன் பத்தாது, தின்ன நாரும் செரிக்காது. வெள்வேல நெத்து விழுந்து கெடந்தா ஆடு மாடு பொறுக்கித் தின்னும், அதுல புரோட்டீன் இருக்கு, காஞ்ச புல்லும் அதோட சேந்து செரிச்சுடும். பரிட்சையில இத எழுதினா மார்க் வருமான்னு தெரியல, ஆனா ரூமன் நைட்ரஜன் பாடத்துக்கு இத விட நல்ல உதாரணம் புக்குல கெடையாது.

வைக்கோல்ல யூரியா தெளிக்கிறது இதே லாஜிக்கா?

அதேதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 40-லிருந்து 60 லிட்டர் தண்ணியில முழுசா கரைச்சு, அடுக்கு அடுக்கா தெளிச்சு மிதிச்சு தார்ப்பாய் போட்டு காத்து போகாம மூடி 21 நாள். உள்ள அம்மோனியா ஆகி நாரை நெகிழ வைக்கும், 3 சதவீதம் இருந்த புரோட்டீன் அளவு 7 கிட்ட வரும். போடுறதுக்கு முன்னாடி காத்தாட விரிச்சு வைங்க, கண்ணு எரியும் வாடை போகணும். ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள கன்னுக்கு வேணாம், குதிரைக்கு வேணவே வேணாம். கரையாத யூரியா கட்டி ஒண்ணு மாடு வாயில போனாலே ஆபத்து, கலக்குற வேலைய பிள்ளைங்ககிட்ட விட்டுட்டுப் போகாதீங்க.

கணக்கு வரவே மாட்டேங்குது. ரேஷன், அதான் ஒரு நாள் தீவன அளவு, போடுறது எப்படி?

முதல்ல எடை. டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னாடி மார்புச் சுத்தளவு, தோள்முனையில இருந்து பின் இடுப்பு முனை வரைக்கும் நீளம், ரெண்டும் இஞ்ச்ல. சுத்தளவ ரெண்டு தடவை பெருக்கி, நீளத்தால பெருக்கி, 660-ஆல வகுத்தா மாட்டோட எடை கிலோவுல. 66 இஞ்ச் சுத்தளவு, 60 இஞ்ச் நீளம்னா 396 கிலோ. குதிரைக்கு சென்டிமீட்டர்ல எடுத்து 11,880-ஆல வகுங்க. 180 சுத்தளவு, 165 நீளம்னா 450 கிலோ. எடை மேடை மாதிரி துல்லியம் இருக்காது, ஆனா கண்ணால குத்து மதிப்பா சொல்றத விட ரொம்ப மேல்.

அப்புறம் உலர் பொருள். தண்ணிய நீக்கிட்டு மிஞ்சுற சத்துதான் கணக்கு, பசங்க பாதிப் பேர் இங்கதான் விழுறாங்க. 400 கிலோ மாடு 10 லிட்டர் கறக்குதுன்னா எடையில 3 சதவீதம், 12 கிலோ உலர் பொருள் வேணும். 25 கிலோ பசும்புல்லு போட்டா அதுல அஞ்சுல ஒரு பங்குதான் உலர் பொருள், 5 கிலோ. வைக்கோல் 4 கிலோ, அதுல 3.6. அடர்தீவனம் 4 கிலோ, அதுல 3.6. கூட்டினா 12.2, சரியா வந்துருச்சு. கூட தாது உப்பு 50 கிராம் கிட்ட. இந்த மாடு உடம்புக்கு ஒண்ணரை கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம்னு ஒரு கட்டை விரல் கணக்கு ஊர்ல ஓடுது, அது பசும்புல்லு கம்மியா இருக்க எடத்துக்கு. நல்ல புல்லு, பயறு வகைத் தீவனம் இருந்தா கொறைச்சுக்கலாம், காசும் மிச்சம்.

கலவைக்கு பியர்சன் சதுரம், ரெண்டு பொருளக் கலந்து வேணும்ங்கற புரோட்டீன் சதவீதத்தக் கொண்டு வர்ற கணக்கு. 45 சதவீதம் புரோட்டீன் இருக்க கடலைப் புண்ணாக்கு, 9 சதவீதம் இருக்க மக்காச்சோளம், கலந்தா 20 வரணும். 20-ல 9 போனா 11 பங்கு புண்ணாக்கு, 45-ல 20 போனா 25 பங்கு சோளம். மொத்தம் 36 பங்கு, அப்போ 100 கிலோ கலவைக்கு புண்ணாக்கு 30.6 கிலோ, சோளம் 69.4 கிலோ. குறுக்க கழிக்கணும், நேரா கழிச்சா தலைகீழா வந்துரும். கடலைப் புண்ணாக்குல பூஞ்சை புடிச்சிருக்கான்னு மோந்து பாத்து வாங்குங்க, அந்தப் பூஞ்சையோட விஷம் அஃப்ளாடாக்சின் பால்ல எறங்கும்.

லேப் பாடம் எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தினதா இருக்கே?

நூறு இல்ல, அதுக்கும் மேல. ஈரம், சாம்பல், புரோட்டீன், கொழுப்பு, நார்னு பிரிக்கிற வீண்டே முறை ஜெர்மனியில 1860-கள்ல வந்தது. புரோட்டீன் பாக்குற கெல்டால் முறை 1883, கோபன்ஹேகன்ல ஒரு பீர் கம்பெனி லேப்ல. தீவனத்த கந்தக அமிலத்துல கொதிக்க வச்சா முதல்ல கருகி தார் மாதிரி நிக்கும், மணிக்கணக்கா காத்துட்டே இருந்தா மெல்ல தெளிஞ்சு இளம் நீலப் பச்சை வரும், அப்போதான் அடுத்த ஸ்டெப். இதுல பாக்குறது புரோட்டீன இல்ல, நைட்ரஜனை. அத 6.25-ஆல பெருக்கி புரோட்டீன்னு எழுதுறோம். அந்த ஓட்டைக்குள்ளதான் 2008-ல சீனாவுல பால்ல மெலமின் கலந்தவங்க புகுந்தாங்க, தீவனத்துல யூரியாவ அளவுக்கு மீறிப் போட்டு லேபிள்ல புரோட்டீன் காட்டுறதும் அதே திருட்டுதான். மூட்டையில போட்டிருக்க கச்சாப் புரோட்டீன் நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்கன்னு நாங்க கத்துறது இதுக்குத்தான்.

நாருக்கு வீண்டே முறை பத்தலன்னு 1960-கள்ல வான் சோயஸ்ட்ங்கற விஞ்ஞானி என்.டி.எஃப் (செல் சுவர் நார் மொத்தமும்), ஏ.டி.எஃப் (அதுல செல்லுலோஸ், லிக்னின் மட்டும்)னு பிரிச்சார். ஏ.டி.எஃப் ஏறினா செரிமானம் எறங்கும், என்.டி.எஃப் ஏறினா மாடு திங்கிற அளவு எறங்கும். இந்த ஒரு வரி வைவாவுல நிச்சயம் வரும்.

எங்க படிக்கலாம், வேலை கெடைக்குமா?

கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி அஞ்சரை வருஷம், இன்டர்ன்ஷிப்போட. தமிழ்நாட்டு சீட்டுக்கு பிளஸ் டூ மார்க், அகில இந்திய 15 சதவீத சீட்டுக்கு நீட். சென்னை வேப்பேரி காலேஜ் 1903-ல ஆரம்பிச்சது, அது போக நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, இப்போ தலைவாசல், உடுமலை, தேனி. அப்புறம் எம்.வி.எஸ்சி ரெண்டு வருஷம் அனிமல் நியூட்ரிஷன். தீவன ஆராய்ச்சிக்கு காட்டுப்பாக்கம், பெங்களூர்ல தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிலையம், கர்னால், ஜான்சி, குதிரைக்குன்னா ஹிசார்.

வேலை விஷயத்துல நேராவே சொல்றேன். நியூட்ரிஷன் முடிச்சவங்கள தமிழ்நாட்டுல அதிகம் கூப்பிடுறது கோழித் தீவனக் கம்பெனிங்க, மாடு அதுக்கப்புறம்தான், குதிரை ரொம்ப ரொம்ப கடைசி. குதிரைதான் வேணும்னா ராணுவத்துல ரீமவுண்ட் வெட்னரி கோர் இருக்கு, குதிரை இனப்பெருக்கம் பண்ற ஸ்டட் பண்ணைங்க, ரேஸ் கிளப்புங்க, பாம்பு விஷ முறிவு மருந்துக்காக குதிரை வளக்குற கம்பெனிங்க இருக்கு. சீட்டு கொஞ்சம், போட்டியும் கொஞ்சம்.

தீவனத்த மாத்தணும், எத்தனை நாள்ல மாத்தலாம்?

குதிரைக்கு 10 நாள்லிருந்து 2 வாரம், மாட்டுக்கும் அதே கணக்கு வச்சுக்கோங்க. கிருமிக் கூட்டம் புதுச் சாப்பாட்டுக்கு மாற டைம் வேணும். குதிரைக்கு வாந்தி எடுக்கவே முடியாது, உள்ள போனது பின்னாடிதான் வரணும், அதனால இதுல அவசரப்பட்டா கோலிக், அதான் கடுமையான வயித்து வலி. படுத்துப் புரளுது, விலாவத் திரும்பித் திரும்பி பாக்குது, லத்தி போடலன்னா தீவனத்த எடுத்துட்டு உடனே டாக்டரக் கூப்பிடுங்க.

குதிரைக்குட்டி அம்மாவோட லத்தியத் திங்குது, வியாதியா?

வியாதி இல்ல, முதல் ஒண்ணு ரெண்டு மாசம் திங்கும், பின்னாடி தொட்டிக்கு கிருமி விதை அப்படித்தான் போய்ச் சேருது. விரட்டாதீங்க, ஆனா தாய்க்குதிரைக்கு குடற்புழு மருந்து சரியா குடுத்து வைங்க. வளந்த குதிரை லத்தி தின்னா அது வேற கதை, பெரும்பாலும் காஞ்ச புல்லு பத்தலன்னு அர்த்தம், லாயத்துல ராத்திரிக்கும் புல்லு இருக்கான்னு பாருங்க.